ஹவுரா பாலத்தில் நடப்பவர்களை யார் எண்ணுகிறார்கள்?

ஊரிலிருந்து அப்பா போன் செய்தால் மூன்று கேள்விகள் நிச்சயம் உண்டு. சாப்பிட்டாச்சா? அங்கே மழை உண்டா? கார் வாங்கியாச்சா? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுவேன். மூன்றாவது வரும்போது மட்டும் சிக்னல் சரியில்லாமல் போய்விடும் :-)

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா மாயவரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வருஷம் தினமும் எட்டு மைல் சைக்கிள் மிதித்தவர். சொந்தமாக ஒரு மொபெட்கூட வாங்கியதில்லை. ஆனால் பிள்ளை வடக்கே பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான் என்று ஊரில் சொன்னால் அதற்கு ஒரு சாட்சி வேண்டாமா? கார்தான் அந்த சாட்சி. வெளியூரில் குப்பை கொட்டும் நம்மில் பலருக்கும் இந்தத் தொல்லை இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் ஹவுராவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், சிப்பூரில். ஆபீஸ் அந்தப் பக்கம், டல்ஹௌசியில். (பி.பி.டி. பாக் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பழைய வாய் கேட்பதில்லை.) காலையில் டோட்டோ பிடித்து ஸ்டேஷன் படித்துறை. அங்கிருந்து லாஞ்சில் ஆற்றைக் கடந்தால் ஃபேர்லி படித்துறை. அப்புறம் பத்து நிமிஷ நடை. சாயங்காலம் மனசும் வானமும் நன்றாக இருந்தால் ஹவுரா பாலத்தின் மேல் நடந்தே இந்தப் பக்கம் வந்துவிடுவேன்.

இந்த வருஷம் தங்கமணியும் அப்பா கட்சியில் சேர்ந்துவிட்டாள். காரணம் எங்கள் பெண். ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். சைக்கிளில் போகிறேன் என்கிறாள் அவள். லாரியும் மினி பஸ்ஸும் ஓடுகிற ரோட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறாள் அவள் அம்மா. ஆகவே கார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுப் பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்லத் தைரியம் இல்லாதவன் என்ன செய்வான்? சரித்திரம் படிப்பான். நான் தினமும் மிதிக்கிற பாலத்தின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

டிக்கெட் அக்கரையில், ரயில் இக்கரையில்

நம் ஆட்களுக்கு ஹவுரா என்றால் முதலில் ஞாபகம் வருவது ஊர் அல்ல, ரயில். சென்ட்ரலில் கிளம்பி 1,660 கிலோமீட்டர் ஓடி வந்து நிற்கும் ஹவுரா மெயில். இறங்கி வெளியே வந்தால் கண்ணுக்கு முன்னால் பாலம். ஆனால் ஸ்டேஷன் வந்து இருபது வருஷம் இங்கே பாலமே கிடையாது.

1854 ஆகஸ்ட் 15-ஆம் தேதி கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் ரயில் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்குக் கிளம்பியது. கல்கத்தா பட்டணமோ ஆற்றுக்கு அக்கரையில். அதனால் ரயில்வேக்காரர்கள் டிக்கெட் கொடுக்கும் இடத்தை அக்கரையில் ஆர்மீனியன் படித்துறையில் வைத்தார்கள். ரயில் கட்டணத்திலேயே படகுக் கூலியும் அடக்கம். ஒரே டிக்கெட்டில் படகும் ரயிலும்! இன்று பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை வேண்டும் என்று கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசுகிறோமே, அதை நூற்று எழுபது வருஷத்துக்கு முன்பே ஒரு படித்துறையில் சத்தமில்லாமல் செய்திருக்கிறார்கள்.

கூட்டம் பெருகியது. 1871-ல் ஹவுரா பாலத்துக்கு என்றே ஒரு சட்டம் வந்தது. பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற எஞ்சினியர் ஒரு மிதவைப் பாலம் கட்டினார். 1874-ல் திறந்தார்கள். நீளம் 1,528 அடி, அகலம் 62 அடி. கப்பல் வரும்போது நடுவில் 200 அடியைக் கழற்றி வழிவிடுவார்கள். அதுவரைக்கும் வண்டிகளும் ஜனங்களும் இரண்டு கரையிலும் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த 62 அடியில் நடுவே 48 அடி வண்டிப் பாதை, இரண்டு ஓரமும் ஏழேழு அடி நடைபாதை. இந்த ஏழு அடியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

மாட்டையும் எண்ணிய காலம்

முப்பது வருஷத்தில் மிதவைப் பாலமும் போதவில்லை. 1906-ல் துறைமுகக் கமிஷனர்கள் பதினாறு நாள் போக்குவரத்துக் கணக்கெடுத்தார்கள். அதில் நெரிசல் மிகுந்த நாள் ஆகஸ்ட் 27. அன்று ஓடிய வண்டிகளில் பதின்மூன்றில் எட்டுப் பங்கு மாட்டு வண்டி! சீமை எஞ்சினியர்கள் ஓரமாக நின்று மாட்டு வண்டியை எண்ணிக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் காரியத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. ரோட்டில் எது போகிறதோ அதை எண்ணினார்கள். எது போக வேண்டும் என்று தாங்கள் ஆசைப்பட்டார்களோ அதை எண்ணவில்லை.

கமிட்டி, முதல் உலகப்போர், மறுபடி கமிட்டி என்று இழுத்து, புதுப் பாலத்தின் வேலை 1936-ல்தான் தொடங்கியது. 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் டாட்டா கம்பெனி கொடுத்தது. நட்டு போல்ட்டு கிடையாது, எல்லாம் ரிவெட். ஆற்றில் ஒரு தூண்கூட இல்லாமல் 1,500 அடி தாண்டி நிற்கிறது. 1943 பிப்ரவரி 3-ஆம் தேதி இரவு, எந்த விழாவும் இல்லாமல் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன. விளக்கு போட்டு விழா எடுத்தால் மேலே இருப்பவனுக்கு வழிகாட்டியதாகிவிடுமே!

அந்த இரவில் பாலத்தைக் கடந்த முதல் வண்டி எது தெரியுமா? கவர்னரின் கார் இல்லை. ஒரு டிராம். ஜனங்கள் ஏறுகிற வண்டி.

சரி, நடைபாதைக்கு வருவோம். இந்தப் பாலத்தில் வண்டிப் பாதை 71 அடி. இரண்டு பக்கமும் நடைபாதை பதினைந்து பதினைந்து அடி. ஏழு அடி பதினைந்து ஆகிவிட்டது. என் பெண் கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போட்டுச் சொன்னாள்: பழைய பாலத்தின் அகலத்தில் நடப்பவர்களின் பங்கு 23 சதவீதம், இதில் 30 சதவீதம்.

பாலம் திறந்து மூன்று வருஷம் கழித்து, 1946-ல், மறுபடி ஒரு கணக்கெடுப்பு. ஒரு நாளைக்கு 27,400 வண்டிகள். நடந்து போனவர்கள் 1,21,100 பேர். கால்நடைகள் 2,997. ஒரு வண்டிக்கு நாலு பேருக்கு மேல் நடந்திருக்கிறார்கள். மூவாயிரத்துக்கு மூன்று குறைச்சல் என்கிற அளவுக்கு ஆடு மாட்டைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

உடனே "அந்தக் காலத்தில் எல்லாம்..." என்று ஆரம்பிக்கப் போவதில்லை. வெள்ளைக்காரனுக்கு நம் கால்வலி மேல் கரிசனம் என்றும் சொல்லவில்லை. ரயிலில் வந்து இறங்குகிற கூலியாட்களும் குமாஸ்தாக்களும் நேரத்துக்கு அக்கரை போய்ச் சேர்ந்தால்தான் அவன் வியாபாரம் நடக்கும். காரணம் எதுவானாலும், எண்ணிக்கையில் வந்தவனுக்குப் பாலத்தில் இடம் கிடைத்தது.

ஒரு பைசாவுக்காக

டிராம் என்றதும் ஒரு கிளைக்கதை. ஹவுராவிலும் 1905 முதல் டிராம் ஓடியது. எங்கள் சிப்பூருக்கே ஒரு பாதை உண்டு.

1953 நம் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் முக்கியமான வருஷம். 1895-ல் ஓட ஆரம்பித்த மதராஸ் டிராம், கம்பெனி நொடித்துப்போய், 1953 ஏப்ரலில் ஒரேயடியாக நின்றது. அதே வருஷம் ஜூலையில் கல்கத்தாவில் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றியது. பழைய பைசா, அதாவது அணாவில் கால்வாசி. ஊரே கொதித்தது. கட்டணம் கொடுக்க மறுப்பு, வேலைநிறுத்தம், கைது, கண்ணீர்ப்புகை. ஜோதி பாசுவும் கைதானார். கடைசியில் கட்டண உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

கால் அணாவுக்கா இத்தனை ரகளை என்று நாம் கேட்கலாம். தினமும் இரண்டு வேளை டிராமில் போகிற ஒருவன் கேட்க மாட்டான். டிராம் தங்களுடைய வண்டி என்று அத்தனை பேர் நினைத்தார்கள், அதனால்தான் அந்தச் சண்டை.

ஆனால் அதே டிராம் பின்னால் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஹவுரா பாதைகளை 1970-71-ல் மூடினார்கள். பாலத்தின் மேல் டிராம் 1993-ல் நின்றது. பாரம் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். 2024 செப்டம்பரில், எஸ்பிளனேடு மைதானம் பக்கம் ஒரு சிறு பாதையைத் தவிர மற்றதை எல்லாம் நிறுத்தப்போவதாக மாநில அரசே அறிவித்தது. ரோட்டில் நெரிசல் என்பது காரணம். ஒரு டிராமில் ஐம்பது பேர் போகிறார்கள், ஒரு காரில் ஒருவர் போகிறார். நெரிசலுக்குக் காரணம் டிராம் என்று எப்படி முடிவானது? வண்டியை எண்ணினால் இரண்டும் ஒவ்வொன்றுதான். ஆளை எண்ணியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

நாலு அடி

1992 அக்டோபரில் இரண்டாவது பாலம் திறந்தது. வித்யாசாகர் சேது. கம்பிகளில் தொங்கும் அழகான பாலம். இதன் நடு இடைவெளியும் பழைய பாலத்தைப் போலவே சுமார் 457 மீட்டர். ஒரே ஆறு, அதே தாண்டல். பாலத்தின் அகலம் 35 மீட்டர். ஒவ்வொரு திசையிலும் மூன்று தடம். இரண்டு ஓரமும் நடைபாதை 1.2 மீட்டர். அதாவது நாலு அடி.

1874-ல் ஏழு அடி. 1943-ல் பதினைந்து அடி. 1992-ல் நாலு அடி. சதவீதத்தில் சொன்னால் 23, 30, பிறகு 7. வெள்ளைக்காரன் போய் நாம் நமக்காகக் கட்டிய பாலத்தில் நடக்கிறவனின் பங்கு கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது.

நியாயமாகப் பேச வேண்டும். இரண்டாவது பாலம் வந்ததால்தான் லாரிகள் பழைய பாலத்தை விட்டு விலகின. அதன் ஏறுபாதையே நீளம், வெயிலில் யார் நடப்பார்கள் என்றும் கேட்கலாம். நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. நடக்கவே தோன்றாதபடி ஒன்றைக் கட்டிவிட்டு, பிறகு யாரும் நடப்பதில்லையே என்றால் எப்படி?

சைக்கிள் கதை இன்னும் மோசம். 2008-ல் கொல்கத்தா போலீஸ் 38 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. 2013-ல் அது 174 சாலைகளாக வளர்ந்தது. சைக்கிள்காரர்கள் சங்கம் சேர்ந்து போராடியபின் 62 என்று குறைத்தார்கள். 2020 தொற்றுக் காலத்தில் பஸ் ஓடாதபோது கொஞ்சம் தளர்த்தினார்கள். பிரச்சினை இன்னும் முழுக்கத் தீர்ந்தபாடில்லை. தடைக்குச் சொன்ன காரணம்: சைக்கிளால் வண்டிகளின் வேகம் குறைகிறது. பால்காரரும் பேப்பர்காரரும் தச்சரும் எந்த வண்டியில் போவார்கள் என்பது கணக்கில் வரவே இல்லை.

இதே மாநிலத்தில் 2015 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறார்கள். சபூஜ் சாத்தி என்று பெயர், பச்சைத் தோழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி சைக்கிளுக்கு மேல் கொடுத்தாயிற்று. (இலவச சைக்கிளில் நம் தமிழ்நாடு சீனியர்.) 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மேற்கு வங்கத்தில் சுமார் 79 சதவீத வீடுகளில் சைக்கிள் உண்டு. நாட்டிலேயே இதுதான் அதிகம், நாட்டின் சராசரி பாதிதான். ஒரு கையால் சைக்கிள் கொடுத்து, மறு கையால் ரோட்டை மூடினால் பிள்ளை எங்கே ஓட்டும்?

ஆற்றுக்கு அடியில்

எல்லாமே புலம்பல் இல்லை. 2024 மார்ச்சில் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் சுரங்கம். முக்கால் நிமிஷத்தில் கங்கையைக் கடந்துவிடலாம். முதல் நாள் பெட்டியில் இருந்தவர்கள் ஜன்னலில் மீன் தெரியுமா என்று பார்த்தார்கள், என்னையும் சேர்த்து. 2025 ஆகஸ்ட் முதல் அதே ரயில் சியால்தா வழியாக சால்ட் லேக் ஐந்தாம் செக்டர் வரை ஒரே மூச்சில் போகிறது. ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கிய ஜனம் டாக்ஸிக்காரரிடம் பேரம் பேசாமல் நகரத்தின் மறுகோடிக்குப் போகலாம். ஆர்மீனியன் படித்துறையில் 1854-ல் ஆரம்பித்த காரியம், சுற்றிச் சுற்றி ஒருவழியாக முடிந்திருக்கிறது.

நம் ஊரிலும் 2014-ல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை கொண்டு வந்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. போன லீவில் போனபோது அம்மா அங்கே யார் கையையும் பிடிக்காமல் தனியாக நடந்தாள். இடம் விட்டால் ஜனங்கள் நடப்பார்கள் என்பதற்கு இதற்கு மேல் எனக்கு ஆதாரம் வேண்டாம்.

கடைசியில் தீர்ப்பு

போன டிசம்பரில் அப்பா ஹவுரா வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவரையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். ஹவுரா பாலத்தில் நடப்பது சினிமாவில் வருவதுபோல் இருக்காது. தலையில் மூட்டையோடு வருகிறவர்கள் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். வெற்றிலை எச்சில் பட்டுப் பட்டு இரும்பே அரித்து, தூண்களின் அடியில் ஃபைபர் உறை போட வேண்டி வந்த பாலம் இது. ஆனால் கீழே மல்லிக் படித்துறைப் பூச்சந்தை, செவ்வந்தி மாலைகள், படகு, காற்று.

1946 கணக்கெடுப்பைச் சொன்னதும் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தாத்தா, நீ காரை எண்ணு. நான் நடக்கிறவங்களை எண்றேன்" என்றாள். இரண்டு பேரும் கம்பியில் சாய்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "போங்க தாத்தா, எண்ண முடியலை" என்று கையை விரித்துவிட்டாள். அப்பா இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, நான் சைக்கிளில் போனபோது ரோட்டில் பாதிப் பேர் சைக்கிள்தான். அதனால பயம் இல்லை. இவளைத் தனியா விடாதே. கூட நீயும் போ" என்றார். அன்றிலிருந்து கார் பேச்சை அவர் எடுக்கவில்லை.

எனக்கு அந்த வார்த்தைதான் தீர்ப்பு. தங்கமணியின் பயம் நிஜம். ஆனால் எல்லோரும் பயந்து காருக்குள் ஏறிக்கொண்டால் ரோட்டில் மிச்சம் இருக்கிற சைக்கிளுக்கு இன்னும் பயம். அதனால் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். காலையில் பெண்ணோடு சந்து வழியாகப் பள்ளிக்கூடம் வரை போகிறேன், பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளுகிறோம். தங்கமணி முதல் வாரம் பால்கனியில் நின்றாள். இப்போது நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும் எங்களோடு சேர்ந்துகொண்டான்.

நீங்கள் நியூஜெர்சியில் இருக்கலாம், துபாயில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம். காரை விற்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் மட்டும் எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை முறை வண்டி எடுத்தீர்கள், அதில் எத்தனை நடையிலோ சைக்கிளிலோ பஸ்ஸிலோ முடிந்திருக்கும் என்று. துறைமுகக் கமிஷனர்கள் மாட்டையே எண்ணினார்கள், நம்மை நாம் எண்ணிக்கொள்ள என்ன கஷ்டம்? எண்ணிக்கையைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

டிஸ்கி: மழை பெய்தால் நாங்களும் டோட்டோதான்.